வன்னி வெயிலில் மவுண்டன் பைக்: குளிர்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

சுவிஸ், நோர்வே, கனடா என்று பல வருடம் இருந்துவிட்டு வன்னிக்குத் திரும்பி வந்து குடியேறுகிறவர்கள் இப்போது அங்கொருவர் இங்கொருவராக இருக்கிறார்கள். அவர்களில் மலைப்பாதையில் சைக்கிள் ஓடிப் பழகியவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான். பெட்டியில் கட்டி விமானத்தில் கொண்டுவந்த சைக்கிளை முதல் கிழமை ஆசையோடு எடுத்தார்கள். பத்து மணி வெயிலில் தலை சுற்றியது. ஏறுவதற்கு மலையும் இல்லை. அதற்குப் பிறகு சைக்கிள் விறாந்தையில் நிற்கிறது.

அப்படி விட்டுவிடத் தேவையே இல்லை. நானும் சுவிஸிலிருந்து வந்துதான் கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறேன், சைக்கிளை விடவில்லை. அங்கே மலை செய்த வேலையை இங்கே வெயிலும் எதிர்க்காற்றும் மணலும் செய்கின்றன. அதை ஏற்றுக்கொண்டு நேரத்தையும் வேகத்தையும் சக்கரத்தையும் மாற்றினால், வருடத்தில் பெரும்பகுதி நன்றாக ஓடலாம். எப்படி என்று ஒழுங்காகச் சொல்கிறேன்.

படி 1: முதல் இரண்டு கிழமை உடம்பைப் பழக்குங்கள்

வெயிலுக்கு உடம்பு பழகும். அதற்கு 10 முதல் 14 நாள் வரை எடுக்கும். முதல் நாலைந்து நாளிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடத் தொடங்கும். அதனால் அதே வேலைக்கு இதயம் துடிப்பது மெல்ல மெல்லக் குறையும். அடுத்த கிழமையில் வியர்வை முன்கூட்டியே வரும், அதிகமாகவும் வரும். அதோடு வியர்வையில் போகும் உப்பும் குறையும். ஆனால் ஏசி அறைக்குள் இருந்தால் இது நடக்காது. ஒவ்வொரு நாளும் வியர்க்க வியர்க்கக் கொஞ்ச நேரம் வேலை செய்ய வேண்டும்.

முதல் மூன்று நாள் அரை மணித்தியாலம் போதும், அதுவும் வீட்டைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில். அப்புறம் அந்தக் கிழமை முடிவதற்குள் முக்கால் மணித்தியாலத்துக்குக் கூட்டுங்கள். இரண்டாவது கிழமையில் ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம் என்று போகலாம். வேகமாக உழக்கும் பயிற்சியை அந்தக் கிழமையின் கடைசி நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழக்கம் வந்த பிறகு ஒரு நாள் இரண்டு நாள் விட்டால் பரவாயில்லை. ஒரு மாதம் வெளிநாடு போய் வந்தால் பெரும்பாலும் கரைந்துவிடும். கலியாணவீடு, செத்தவீடு என்று ஐரோப்பா போய் வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் மெதுவாகவே தொடங்க வேண்டும்.

பழைய வேகக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். அதே வேகத்துக்கு இங்கே இதயம் கூடத் துடிக்கும், ஏனென்றால் தோலுக்கும் இரத்தம் அனுப்பி உடம்பைக் குளிர்விக்கும் வேலை அதற்கு மேலதிகமாகச் சேர்ந்துவிட்டது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை விட, முழு வசனம் பேச மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் மாதத்தில் நம்பக்கூடிய அளவு. பிரஷர், சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள், முக்கியமாக நீர் போகும் குளிசை எடுப்பவர்கள், தொடங்க முதல் டொக்டரிடம் கேட்டுவிடுங்கள். காய்ச்சல் குணம் இருக்கும் நாளில் சைக்கிளைத் தொடவே வேண்டாம்.

படி 2: நேரத்தைத் தெரிவு செய்யுங்கள், யானையையும் கணக்கில் எடுங்கள்

வன்னியில் சூரியன் வருடம் முழுக்க ஏறக்குறைய ஆறு மணிக்கும் ஆறரைக்கும் இடையில்தான் உதிக்கும். ஐரோப்பாவின் கோடை மாதிரி இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்காது; பின்னேரம் ஆறு, ஆறரைக்குப் பொழுது பட்டால் கொஞ்ச நேரத்தில் கும்மிருட்டு. ஆகவே நல்ல நேரம் காலைதான். எட்டரை, கூடிப்போனால் ஒன்பதுக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பின்னேரம் நாலரைக்குப் பிறகு ஓடலாம், ஆனால் பகல் முழுக்கச் சூடேறிய தார் வீதி அப்போதும் அனலடிக்கும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. உங்களுக்குக் குளிர்ச்சியான நேரம்தான் யானைக்கும் நடமாடும் நேரம். விடியற்காலையிலும் பொழுதுபடும் நேரத்திலும் அவை காட்டுக்கும் குளத்துக்கும் வயலுக்கும் இடையில் வீதியைக் கடக்கும். முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு விடியற்காலை, வாய்க்கால் கட்டில் மண்வெட்டியோடு நின்ற ஐயா ஒருவர் கையைக் காட்டி என்னை மறித்தார். “தம்பி, உதால போகாதேங்கோ. விடியப்புறம் ரெண்டு நிண்டது, இன்னும் காட்டுக்குள்ள இறங்கேல்லை.” அவர் காட்டிய இடத்தில் பாலை மரக் கொப்பொன்று முறிந்து கிடந்தது, அதன் பச்சை வாடவில்லை. பக்கத்தில் இலத்தி ஈரமாகவே இருந்தது. அந்த இரண்டும்தான் நீங்கள் கண்ணில் பழக்க வேண்டிய அடையாளங்கள்.

ஆகவே காட்டோர வீதிகளை வெயில் நன்றாக ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு மணித்தியாலத்தைத் தூரம் வரை தெரியும் வயல்வெளியிலும் ஊர் வீதியிலும் ஓடுங்கள். போகும் வழியில் தேத்தண்ணிக் கடையில் நின்று “அண்ணை, இஞ்சால யானை வந்ததோ?” என்று கேட்பதை வழக்கமாக்குங்கள். தூரத்தில் கண்டால் திரும்பி வந்துவிடுங்கள். மணி அடிப்பதும், பக்கத்தால் வேகமாகப் போய்விடலாம் என்று நினைப்பதும் கூடாது. காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓடவும் வேண்டாம்.

படி 3: ஆள் போன தடத்தில் மட்டும் ஓடுங்கள்

இந்த வழிகாட்டியில் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். சுவிஸில் பாதையை விட்டு விலகினால் யாராவது ஏசுவார்கள். வன்னியில் விலகினால் காலோ உயிரோ போகலாம். போர் 2009இல் முடிந்தது. மிதிவெடி அகற்றும் வேலை அதற்கு முன்பே தொடங்கி இன்னும் நடக்கிறது. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆகிய அமைப்புகளின் ஆட்கள், உள்ளூர்ப் பெண்கள் பலரும் சேர்த்து, வெயிலில் முழங்காலில் இருந்து ஒவ்வொரு அடியாகத் தோண்டிப் பெரும்பகுதியைத் துப்புரவாக்கிவிட்டார்கள். அவர்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. ஆனாலும் மிச்சம் இருக்கிறது.

சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டிருந்தால் அதற்கு அப்பால் ஓரடியும் வைக்காதீர்கள். பலகை இல்லாத இடத்திலும், பாவனையில் இல்லாத ஒற்றையடிப் பாதை, பழைய மண் அணை, காவலரண் இருந்த மேடு, ஆள் குடியேறாத பற்றைக்காணி ஆகியவற்றுக்குள் இறங்க வேண்டாம். ஒன்றுக்குப் போவதானாலும் வீதியோரத்திலேயே நில்லுங்கள். பெரிய வெள்ளத்துக்குப் பிறகு மண்ணுக்குள் கிடந்தது இடம் மாறி வரலாம். துருப்பிடித்த எதையும் தொடாமல், இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, வந்த தடத்தாலேயே திரும்பி வந்து பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள்.

காட்டுக்குள் இறங்காமல் இருக்க இன்னொரு காரணம் கட்டுத்துவக்கு, அதாவது கம்பியில் தட்டுப்பட்டதும் தானாக வெடிக்கும்படி கட்டி வைக்கும் துவக்கு. பன்றிக்கு என்று சட்டவிரோதமாகக் கட்டி வைப்பதில் மனிதரும் மாட்டுப்படுகிறார்கள். வயலோரம் மின்சாரக் கம்பி இழுப்பவர்களும் உண்டு.

சரி, எங்கேதான் ஓடுவது? குளக்கட்டுகளும் நீர்ப்பாசன வாய்க்கால் வீதிகளும் இருக்கின்றனவே. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடு, பாலியாற்றின் வவுனிக்குளம், மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக்குளம் என்று பெரிய குளங்களின் கீழே கிரவல் வீதிகள் மைல் கணக்கில் போகும். உழவு இயந்திரமும் மாட்டுவண்டியும் ஒவ்வொரு நாளும் போகும் வீதிகள் அவை. மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கங்களில் ஊரையும் ஊரையும் இணைக்கும் செம்மண் வீதிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. குளக்கட்டில் ஏற முன் அங்கே நிற்கும் நீர்ப்பாசன ஊழியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சில இடங்களில் வாகனத் தடை இருக்கும். சுண்டிக்குளம் போன்ற தேசிய பூங்காக்களுக்குள் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் போகக் கூடாது. இராணுவ முகாம் வேலியோரம் நின்று படம் எடுக்காதீர்கள்.

படி 4: வியர்வையை அளந்து குடியுங்கள்

எவ்வளவு குடிப்பது என்பதற்குப் பொதுக் கணக்கு கிடையாது. உங்கள் கணக்கை நீங்களே எடுக்கலாம், ஒரு தராசு போதும். ஓடப் போக முன் உடுப்பில்லாமல் நிறுங்கள். ஒரு மணித்தியாலம் ஓடிவிட்டு வந்து, துடைத்துவிட்டு மறுபடி நிறுங்கள். 70 கிலோ இருந்தவர் 68.9 ஆகி, இடையில் அரை லீற்றர் குடித்திருந்தால், அவருக்கு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1.6 லீற்றர் வியர்வை போகிறது. நிறையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல், அதாவது இவருக்கு 1.4 கிலோவுக்கு மேல் குறைய விடக் கூடாது. ஓடிவிட்டு வரும்போது நிறை கூடியிருந்தால் அதுவும் கெடுதிதான்: வெறும் தண்ணீரை அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு ஐதாகி, வாந்தி, மயக்கம், வலிப்பு வரை போகலாம்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடுவதானால் உப்பும் சீனியும் சேர வேண்டும். ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, அதில் தேசிக்காய் பிழிந்துவிட்டால் அருமையான பானம். இதே மாதிரி உப்பும் சீனியும் கலந்த தூளான ஜீவனிப் பக்கற் மருந்துக் கடையில் எப்போதும் கிடைக்கும்; ஒன்றிரண்டைச் சைக்கிள் பையில் போட்டு வையுங்கள். இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், வியர்வையில் போகும் சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடியுங்கள். வந்த பிறகு உப்புப் போட்ட மோரும் பழஞ்சோறும் எந்த வெளிநாட்டு மாவுக்கும் குறைந்தவை இல்லை.

காரணம் சரியாகத் தெளிவுபடாத சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்திலும் இருக்கிறது. திரும்பத் திரும்ப உடம்பு வற்றிப்போவது சிறுநீரகத்துக்கு நல்லதில்லை என்பதில் சந்தேகம் இல்லை. வழியில் கண்ட கிணற்றில் எல்லாம் நிரப்பாமல், வடிகட்டிய நீரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். கால் நோகிறது என்று வெயிலில் ஓடும் நாளில் இபுபுரோபன் போன்ற நோக் குளிசை போடாதீர்கள். உடம்பு வற்றிய நேரத்தில் அவை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

படி 5: வெப்பத் தாக்கத்தை அடையாளம் காணுங்கள்

தலையிடி, வயிற்றுப் பிரட்டல், வெயிலில் நிற்கும்போதே மயிர் சிலிர்த்துக் குளிர்வது போன்ற உணர்வு. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைய ஓட்டம் முடிந்தது. நிழலில் இருந்து குடித்து, தலையை நனைத்து ஆறுங்கள்.

கூட வந்தவர் தடுமாறிக் கதைக்கிறார், எங்கே நிற்கிறோம் என்று தெரியவில்லை, விழுகிறார் என்றால் அது வேறு. உள்வெப்பம் 40 பாகைக்கு மேல் போயிருக்கலாம். வியர்வை வழிந்துகொண்டிருந்தாலும் அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். 1990 இலக்கத்துக்கு அடித்து இலவச அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது வரும் வரை பார்த்துக்கொண்டு நிற்காமல், நிழலுக்கு இழுத்து, உடுப்பைக் கழற்றி, பக்கத்து வீட்டுக் குழாய்க் கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். பெரிய தொட்டி இருந்தால், தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கழுத்தளவுக்கு இருத்துங்கள். நினைவு தடுமாறியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. குளத்துக்குள் இறக்குவதானால் ஊர்ச்சனம் குளிக்கும் துறையில் மட்டும். வன்னிக் குளங்களில் முதலை உண்டு.

படி 6: சைக்கிளை முள்ளுக்கும் புழுதிக்கும் தயார் செய்யுங்கள்

இங்கே ரயரின் எதிரி நெருஞ்சி. மாரி முடிந்ததும் வீதியோரமெல்லாம் சின்ன மஞ்சள் பூவோடு படர்ந்து கிடக்கும், பார்க்க வடிவு. காய் காய்ந்து உடையும்போது ஒவ்வொரு துண்டும் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்தபடி நிற்கும். ஒரு தரம் ஓரம் கட்டி நிறுத்திவிட்டு ரயரைச் சுற்றிப் பாருங்கள், ஏழெட்டு குத்தியிருக்கும். உடைமுள் அதைவிட நீளம், சாதாரண ரியூப்பை ஊடுருவிப் போகும்.

ஆகவே உள்ளே ரியூப் இல்லாத ரியூப்லெஸ் ரயர்தான். உள்ளே சீலன்ற் பால் இருந்தால் நெருஞ்சித் துளைகள் சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் அடைத்துக்கொள்ளும். குத்திய முள்ளை நடுவழியில் பிடுங்காமல் வீட்டுக்கு வந்து பிடுங்குங்கள். இந்த வெப்பத்தில் அந்தப் பால் சீக்கிரம் காய்ந்துவிடும். குளிர்நாட்டில் நாலைந்து மாதம் நின்றது இங்கே இரண்டு மாதம் நின்றால் பெரிது. மாதம் ஒருதரம் சக்கரத்தைக் காதோடு வைத்துக் குலுக்கிப் பாருங்கள், சளக் சளக் என்று கேட்காவிட்டால் ஊற்றும் நேரம் வந்துவிட்டது. சைக்கிளை வெயிலில் நிறுத்தாதீர்கள். காலையில் 25 பி.எஸ்.ஐ. அடித்த ரயர் உச்சி வெயிலில் கிடந்து 50 பாகைக்குச் சூடேறினால் 28 காட்டும்.

ஊர்ச் சைக்கிள் கடைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். ஒட்டுப் போடுவதிலும் சக்கரம் நெளிவெடுப்பதிலும் அவர்களுக்கு நிகர் இல்லை. ஆனால் அவர்கள் கையில் இருப்பது லுமாலா போன்ற ஊர்ச் சைக்கிளின் சாமான். 29 அங்குல ரயர், 12 கியர் கசற் (பின்சக்கரத்துப் பல்சில்லு அடுக்கு), டிஸ்க் பிறேக் பாட், ஒல்லி வால்வு (பிரெஸ்ரா) எதுவும் மாங்குளத்தில் கிடைக்காது. வரும்போதே செயின் இரண்டு, பிறேக் பாட் நாலு சோடி, கியர் தொங்கும் ஹாங்கர் ஒன்று, சீலன்ற் போத்தல், ஒல்லி வால்வைக் கடைப் பம்முக்குப் பொருத்தும் சின்னப் பித்தளை அடப்ரர் ஆகியவற்றைக் கட்டிக்கொண்டு வாருங்கள். அந்த அடப்ரர் விரல்நுனி அளவுதான், ஆனால் நடுக்காட்டில் ஒரு சைக்கிள் கடையைக் கண்டால் அதன் அருமை தெரியும்.

செயினுக்குத் தடித்த எண்ணெய் வேண்டாம். செம்புழுதி அதில் ஒட்டி, அரத்தாள் போல் அராவிவிடும். மெழுகு அல்லது உலர்ந்த வகை எண்ணெய் போட்டு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு பழஞ்சீலையால் துடையுங்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் கவையின் (ஃபோர்க்) வழுக்குக் குழாயையும் அப்படியே துடையுங்கள். முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் போய் வந்தால் அன்றே நன்னீரில் கழுவுங்கள்.

உடுப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மெல்லிய, தொளதொளத்த, வெளிர்நிற முழுக்கைச் சட்டை, நிறையக் காற்றோட்டமுள்ள ஹெல்மெற், புழுதிக்குக் கண்ணாடி. உள்காற்சட்டையை ஒவ்வொரு தரமும் தோய்த்து வெயிலில் போடுங்கள், இல்லாவிட்டால் தொடையிடுக்கில் படர்தாமரை வந்து மாதக்கணக்கில் ஆட்டும்.

படி 7: மலையை வேறு இடத்தில் தேடுங்கள்

வன்னி ஏறக்குறையச் சமதரை. ஆனால் ஜூன் முதல் செப்ரெம்பர் வரை சோளகம், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, வீசும். திறந்த குளக்கட்டில் அதற்கு எதிரே உழக்கிப் பாருங்கள், நல்ல ஏற்றம் ஒன்றில் ஏறுவது போலவே தொடை எரியும். ஐந்து நிமிடம் எதிர்க்காற்றில் அழுத்தி உழக்குவது, திரும்பிக் காற்றோடு இளைப்பாறி வருவது, இப்படி நாலு தரம். தூரமாகப் போகும் நாளில் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது கூட்டிவரும் காற்று என்று வழியைப் போடுங்கள். களைத்து, வெயிலேறிய பிறகு எதிர்க்காற்றில் மாட்டுவதுதான் ஆபத்து.

சைக்கிளைக் கையாளும் நுட்பத்துக்கு மணல் வீதி நல்ல ஆசான். லேசான கியரில், உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, பிடியைத் தளர்த்தி, நிறுத்தாமல் உழக்க வேண்டும். பழகிவிட்டால் பனி வீதியிலும் உங்களை யாரும் விழுத்த முடியாது. இறக்கத்தில் திருப்பும் பழக்கம் மட்டும் இங்கே மங்கிப்போகும். அதற்கு வருடத்தில் ஓரிரு தரம் மலையகம் போங்கள். வன்னிக்கூடாகப் போகும் ஏ9 வீதியே கண்டியில்தான் தொடங்குகிறது. ஹற்றன், அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாதைகளில், தோட்டத்தில் கேட்டுக்கொண்டு, இரண்டு மூன்று நாள் ஓடினால் கை மறந்ததெல்லாம் திரும்ப வந்துவிடும்.

படி 8: வருடத்தைப் பருவத்தோடு பிரித்துக்கொள்ளுங்கள்

ஜனவரி பிற்பாதி முதல் மார்ச் வரைதான் பொற்காலம். குளம் நிரம்பி, காலபோக நெல் விளைந்து, காலையில் மெல்லிய குளிர் இருக்கும். நீண்ட ஓட்டங்களை அப்போதே முடித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே புழுக்கம். குறுக்கி ஓடுங்கள், இடியோடு மழை வரும் பின்னேரங்களில் வெளியில் நிற்காதீர்கள். சோளகக் காலத்தில் மேலே சொன்ன காற்றுப் பயிற்சி.

ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை மாரி. களிமண் வீதியில் சக்கரம் நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் கவைக்குள் மண் இறுகி நின்றுவிடும், வீதியும் பழுதாகும். விவசாயிகளின் வீதி அது, உழுதுவிடாதீர்கள். குளம் நிரம்பி வான் பாயும்போது தண்ணீர் குறுக்கறுத்துப் பாயும் வீதியில், முழங்கால் அளவுதானே என்று இறங்க வேண்டாம். காலில் காயத்தோடு வயல் சேற்றில் நடந்தால் எலிக்காய்ச்சல் பயம். ஈரப் புல்லுக்குள் புடையன் பாம்பு கிடக்கும், ஆகவே சைக்கிளைப் புல்லுக்குள் படுக்கப் போட்டுவிட்டு இருட்டில் கையை விட்டுத் தூக்காதீர்கள். இந்த மூன்று மாதத்தில் தார் வீதியில், மழை விட்ட காலைகளில், மட்காட் பூட்டி ஓடுவதே போதும். சைக்கிளைக் கழற்றிப் பூட்டி, பிறேக் எண்ணெய் மாற்றி, கவையின் கிறீஸ் மாற்றி எடுக்கவும் இதுதான் தோதான நேரம்.

எந்த மாதமானாலும், வெளிக்கிட முன் எந்தக் குளத்துப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் வருவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். காட்டோரங்களில் போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். முடிந்தால் ஒரு துணை பிடியுங்கள். ஊர்ப் பெடியளிடம் சைக்கிள் இருக்கிறது, கால் இருக்கிறது, வழியும் தெரியும். அதிகாலை ஐந்தே முக்காலுக்குச் சந்தியில் நிற்கச் சொன்னால் ஐந்தரைக்கே வந்து நிற்பார்கள்.